'ரொம்ப சின்சியர்' என்று பேரெடுத்த பிஜி டாக்டருக்கு உள்ளே என்ன நடக்கிறது?

மேற்படிப்பு படிக்கும் டாக்டர் (பேச்சுவழக்கில் 'பிஜி') ஒருவர் மனச்சோர்வால் உடைந்துபோனார் என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது. டாக்டருக்கே டிப்ரஷனா? பக்கத்து பில்டிங்கில் மனநலத் துறை இருக்கிறது, மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இந்த நோயைப் பாடமாகவே படித்துப் பரீட்சை எழுதித்தான் பட்டம் வாங்கியிருக்கிறார். அப்புறம் எப்படி?

கேள்வி நியாயமானதுதான். 'டாக்டரும் மனுஷன்தானே' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் ஒன்றும் விளங்காது. மனச்சோர்வும் பதற்றமும் ஒருவரை உள்ளே அரிக்கும்போது வெளியே தெரிகிற அடையாளங்களும், ஒரு யூனிட் (ஒரு சீஃபின் கீழ் வேலை செய்யும் டாக்டர் குழு) 'நல்ல பிஜி' என்று மெச்சுகிற லட்சணங்களும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் வேலைதான் கடைசியில் சரிகிறது. தூக்கம், சாப்பாடு, நண்பர்கள், வீட்டுக்குப் பேசும் போன் எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றுபோன பிறகும் வார்டில் ரவுண்ட்ஸ் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கும், அதைப் பார்த்து எல்லோரும் (அவரும் சேர்ந்துதான்) எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

இது எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

மூன்று சொற்கள், மூன்று வேறு விஷயங்கள்

பேச்சில் இவை மூன்றும் கலந்துவிடுகின்றன. சிகிச்சையே இந்தப் பிரிவினையில்தான் நிற்கிறது என்பதால் முதலில் பிரித்துக்கொள்வது நல்லது.

1. மனச்சோர்வு. குறைந்தது இரண்டு வாரம், நாளின் பெரும்பகுதி, ஏறக்குறைய தினமும் மனம் தாழ்ந்தே கிடப்பது, அல்லது முன்பு பிடித்திருந்த எதிலும் பிடிப்பே இல்லாமல் போவது. இந்த இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். தூக்கம், பசி, களைப்பு, கவனக் குறைவு, காரணமில்லாத குற்ற உணர்வு, உடல் மந்தமாவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, சாவைப் பற்றிய நினைப்பு ஆகியவையும் சேர்ந்து மொத்தம் ஐந்து அறிகுறியாவது இருந்து, அன்றாட வாழ்க்கையும் பாதிக்கப்பட்டிருந்தால்தான் அது நோய் என்று எழுதப்படும்.

2. பதற்ற நோய். வரப்போகிற எதையோ நினைத்து, நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் ஓடும் கவலை. பல விஷயங்களைப் பற்றி, ஆறு மாதத்துக்கு மேல், தசை இறுக்கம், எரிச்சல், தூக்கமின்மையோடு இது நீடித்தால் 'பொதுவான பதற்ற நோய்'. திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, செத்துவிடுவோம் என்ற பயம் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கினால் அது பீதித் தாக்குதல். மனச்சோர்வும் பதற்றமும் பெரும்பாலும் ஜோடியாகத்தான் வரும். ஒன்று மட்டும் தனியாக வந்தால்தான் கொஞ்சம் ஆச்சரியம்.

3. பர்ன்அவுட். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 இதை நோயாகச் சேர்க்கவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றுதான் வைத்திருக்கிறது. சக்தி வற்றிப்போவது, வேலையின் மேல் வெறுப்போ ஒட்டாமையோ வருவது, எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்த மாதிரி தோன்றாதது என்று மூன்று கூறுகள் அதற்கு.

நடைமுறையில் வித்தியாசம் இப்படித் தெரியும். வேலையால் மட்டும் வற்றிப்போனவருக்கு நான்கு நாள் ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் மனம் கொஞ்சமாவது மேலே வரும். மனச்சோர்வு உள்ளவர் அதே நான்கு நாளையும் ஊரில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்தே கழிப்பார். முதலாமவருக்கு ரோஸ்டரை (டியூட்டி அட்டவணையை) மாற்ற வேண்டும், இரண்டாமவருக்கு ரோஸ்டர் மாற்றமும் வேண்டும், சிகிச்சையும் வேண்டும். ஒன்று முற்றி இன்னொன்றாக ஆவதும் உண்டு என்பதால் கோடு அவ்வளவு நேராகவெல்லாம் இருக்காது.

ஒரு பிஜியின் வாரம்

எம்பிபிஎஸ் முடித்து, நீட் பிஜி எழுதி, எம்டி அல்லது எம்எஸ் சேர்ந்தால் மூன்று வருடம். பேர் 'மாணவர்', செய்வது முழுநேர டாக்டர் வேலை. யூனிட்டுக்கு அட்மிஷன் நாள், அதாவது புது நோயாளிகளைச் சேர்க்கும் முறை, என்றால் காலை எட்டுக்கு உள்ளே போனவர் இரவு முழுக்க கேசுவாலிட்டியிலும் வார்டிலும் இருந்து, மறுநாள் காலை சீஃப் ரவுண்ட்ஸுக்கு எல்லா நோயாளிகளின் விவரத்தையும் மனப்பாடமாக ஒப்பித்து, அதற்குப் பிறகு டிஸ்சார்ஜ் எழுதி, சாயங்காலம் ஹாஸ்டலுக்கு வரலாம். இதற்கு நடுவில் தீசிஸ், லாக்புக், செமினார், ஜர்னல் கிளப். முதல் வருட பிஜி என்றால் ரத்தம் எடுப்பதும் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் துரத்துவதும் கூடுதலாக அவர் தலையில்.

இதற்கு விதி இல்லையா என்றால் இருக்கிறது, அதுதான் வேடிக்கை. 1992-இல் மத்திய அரசு கொண்டுவந்த ரெசிடென்சி திட்டம் சாதாரணமாக வாரம் 48 மணி நேரம், ஒரே மூச்சில் 12 மணி நேரத்துக்கு மேல் இல்லை என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 மேற்படிப்பு விதிகளில் எண்ணே காணாமல் போய், 'நியாயமான வேலை நேரம்', 'நியாயமான ஓய்வு' என்று மட்டும் இருக்கிறது. எது நியாயம் என்று முடிவு செய்வது யார்? யூனிட் சீஃப்தான். அதே ஆணையம் மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய அமைத்த தேசியப் பணிக்குழு 2024-இல் கொடுத்த அறிக்கையில் வாரம் 74 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, வாரம் ஒருநாள் விடுப்பு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 48-இல் தொடங்கி 74-க்கு வந்திருக்கிறோம், அதையும் சீர்திருத்தம் என்று வரவேற்க வேண்டிய இடத்தில் இருக்கிறோம்.

தூக்கமில்லாத உடம்பு என்ன ஆகும் என்பதற்கு 1997-இல் வந்த ஓர் ஆய்வை இன்றும் காட்டுவார்கள். தொடர்ந்து 24 மணி நேரம் விழித்திருப்பவரின் கைக்கும் மூளைக்குமான ஒத்திசைவு, ரத்தத்தில் 0.10 சதவீதம் ஆல்கஹால் இருப்பவர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. இந்தியாவில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03. இந்த நிலையில் ஸ்கூட்டரைத் தொட்டால் குற்றம், நரம்பில் ஊசி போட்டால் டியூட்டி.

எண்களில் ஒரு விசித்திரம்

அந்தப் பணிக்குழு நாடு முழுக்க ஆன்லைனில் ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. 25,590 எம்பிபிஎஸ் மாணவர்களும் 5,337 பிஜிக்களும் பதில் சொன்னார்கள். விருப்பப்பட்டவர்கள் நிரப்பியது, அதனால் எல்லோருக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் உள்ளே ஒரு விஷயம் உறுத்துகிறது.

தங்களுக்கு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னவர்கள் எம்பிபிஎஸ் மாணவர்களில் 27.8 சதவீதம், பிஜிக்களில் 15.3 சதவீதம். இதை மட்டும் பார்த்தால் பிஜிக்கள் கிட்டத்தட்டப் பாதிதான், வயதும் அனுபவமும் கூடியதால் தேறிவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் எம்பிபிஎஸ் மாணவர்களில் 16.2 சதவீதம், பிஜிக்களில் 31.2 சதவீதம். தலைகீழாகிவிட்டது! 'எனக்கு நோய் இருக்கிறது' என்று சொல்பவர்கள் பாதியாகும் இடத்தில் 'செத்துவிடலாம்' என்று நினைத்தவர்கள் இரண்டு மடங்கு.

இந்த இடைவெளிக்கு நோய் பெயர் பெறாமலே வளர்கிறது என்பதைத் தவிர வேறு நல்ல விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. வருத்தம் வந்தால் மாணவப் பருவத்தில் 'டிப்ரஷனா இருக்கு' என்று சொல்ல வாய் வருகிறது, பிஜி ஆனதும் அதே வாய் 'டியூட்டி ஹெவி' என்கிறது.

இது இங்கே மட்டும் நடப்பதும் இல்லை. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 740 பயிற்சி டாக்டர்களை வேலையில் சேர்வதற்கு முன்பிருந்தே பின்தொடர்ந்தது. சேருமுன் மனச்சோர்வுக்கான அளவைத் தொட்டவர்கள் 3.9 சதவீதம், பயிற்சி வருடத்தில் சராசரியாக 25.7 சதவீதம். அதே ஆட்கள்தான். 'பலவீனமானவங்க இந்தப் படிப்புக்கு வந்துடறாங்க' என்ற வாதம் இங்கேயே அடிபட்டுப்போகிறது.

ஒன்பது கேள்விகள், நான்குக்குச் சாக்கு தயார்

மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் சின்னத் தாள் பிஎச்க்யூ-9. கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டாலே ஆளை உட்காரவைத்துப் பேச வேண்டும் என்று பொருள்.

ஒரு முதல் வருட பிஜி இதை நிரப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். தூங்க முடியவில்லையா? அட்மிஷன் நாளில் யார் தூங்குவார்கள், 3 போடு. களைப்பு? கேட்கவே வேண்டாம், 3. சாப்பாடு? மத்தியானச் சாப்பாடு சாயங்காலம் நான்கு மணிக்கு ஒரு பஃப்ஸும் டீயும், 3. கவனம்? ஒரே பாராவை மூன்று தடவை படித்தும் ஏறவில்லை, 3. நான்கு கேள்வியிலேயே 12 வந்துவிட்டது. மனம் நன்றாக இருக்கும் ஒருவரே டியூட்டியால் மட்டும் எல்லையைத் தாண்டிவிட முடியும்.

சிக்கல் இதன் மறுபக்கத்தில்தான். உண்மையிலேயே நோய் வந்தவருக்கும் அதே நான்கு சாக்கு தயாராக இருக்கிறது. தூக்கம் போனது நோயால் என்று அவர் ஏன் நினைக்கப்போகிறார், ரோஸ்டர்தான் கண்முன்னே தொங்குகிறதே. அதனால் பிஜிக்களுக்கு இந்தத் தாளைப் படிக்கும் விதமே வேறாக இருக்க வேண்டும். மொத்த மதிப்பெண்ணை விட, டியூட்டியால் விளக்க முடியாத கேள்விகளைத்தான் பார்க்க வேண்டும்:

1. டியூட்டி இல்லாத இரவிலும் விடியற்காலை மூன்று மணிக்கு முழிப்பு வந்து, திரும்பத் தூக்கம் வராமல் கிடக்கிறாரா?

2. பிடித்தது எதுவும் பிடிக்கவில்லையா? நேரமில்லாமல் கிரிக்கெட் பார்க்காதது வேறு, மேட்ச் ஓடும் டிவிக்கு எதிரில் உட்கார்ந்தும் ஒன்றுமே உள்ளே போகாதது வேறு.

3. 'நான் எதற்கும் லாயக்கில்லை, என்னால் யூனிட்டுக்கே பாரம்' என்ற நினைப்பு. களைப்பு ஒருவரை எரிச்சல்காரராக்கும், அவரைத் தன்னையே வெறுக்கவைப்பது பெரும்பாலும் நோய்.

4. ஒன்பதாவது கேள்வி, அதாவது செத்துவிட்டால் தேவலை என்ற எண்ணம். இதற்கு டியூட்டி ஒருநாளும் காரணமாகாது. மற்ற எட்டும் சுழியமாக இருந்தாலும் இது ஒன்று வந்தால் அன்றே யாரிடமாவது பேச வேண்டும்.

பதற்றத்துக்குக் கைதட்டு

மனச்சோர்வுக்காவது சாக்குதான் கிடைக்கிறது, பதற்றத்துக்குப் பாராட்டே கிடைக்கிறது.

இரவு இரண்டு மணி. வார்டில் ஒரு நோயாளிக்கு பொட்டாசியம் டிரிப் ஓடுகிறது. வேகமாகப் போனால் இதயத்தையே பாதிக்கும் மருந்து, அதனால் சொட்டு எண்ணிச் சரிபார்ப்பது முறையான வேலை. பிஜி ஒருமுறை பார்த்துவிட்டு வந்து டியூட்டி அறையில் படுக்கிறார். ஐந்து நிமிடத்தில், சரியாகத்தான் வைத்தேனா? எழுந்து போய்ப் பார்க்கிறார், சரியாக இருக்கிறது. திரும்பி வருகிறார். செருப்பைக் கழற்றும் முன்பே, கடைசியாக எண்ணியபோது தப்பாக எண்ணியிருந்தால்? மூன்றாவது தடவை. நர்ஸ் அக்கா நிமிர்ந்து, "டாக்டர், நான்தான் பக்கத்துலயே இருக்கேனே, நீங்க போய்ப் படுங்க" என்கிறார். படுக்கிறார், தூங்கவில்லை. காலை ரவுண்ட்ஸில் சீஃப் கேட்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் அவரிடம் டக்கென்று பதில் இருக்கிறது. "ரொம்ப சின்சியர் பிஜி" என்று பெயர்.

முதல் தடவை போனது அக்கறை, மூன்றாவது தடவை போனது நோய். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். பதற்றம் இந்த வேலைக்குள் இப்படித்தான் சம்பளமில்லாத உதவியாளர் மாதிரி ஒட்டிக்கொள்கிறது, அது இல்லாவிட்டால் தப்பு நடந்துவிடும் என்று அவரே நம்ப ஆரம்பித்துவிடுவார். சிகிச்சைக்குப் போகச் சொன்னால் பலர் தயங்குவதற்கு வெட்கத்தை விட இந்தப் பயமே பெரிய காரணம்: பதற்றம் போய்விட்டால் என் கவனமும் சேர்ந்து போய்விடுமோ?

போகாது. ஓரளவு பரபரப்பு வேலையைக் கூர்மையாக்கும், அளவைத் தாண்டினால் மொண்ணையாக்கும் என்பது 1908-லேயே யெர்க்ஸ், டாட்சன் இருவரும் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து கிளம்பிய பழைய கருத்து. சிகிச்சை அந்த அளவைத் தாண்டியதைத்தான் இறக்குகிறது.

மருந்து பக்கத்தில் இருந்தும் ஏன் போவதில்லை?

தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16-இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிமான்ஸ் தலைமையில் நடந்தது. மனச்சோர்வு, பதற்றம் போன்ற பரவலான மனநோய்கள் உள்ளவர்களில் ஏறக்குறைய 85 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று அது சொன்னது. பொதுமக்களுக்குத் தூரமும் அறியாமையும் செலவும் காரணம். டாக்டருக்கு அவை இல்லை, வேறு காரணங்கள் இருக்கின்றன.

1. ஓபி சீட்டு. தன் ஆஸ்பத்திரியிலேயே மனநலத் துறைக்குப் போனால் வரிசையில் உட்கார்ந்திருப்பதை வார்டு பாய் முதல் எச்ஓடி (துறைத் தலைவர்) வரை யாராவது பார்ப்பார்கள். கேஸ் ஷீட் எழுதப்போவது எதிர் அறை ஹாஸ்டல் நண்பர். ரகசியம் காப்பார் என்றே வைத்துக்கொண்டாலும் நாளைக்கு மெஸ்ஸில் அவர் எதிரில் உட்கார்ந்து இட்லி சாப்பிட வேண்டும்.

2. பரீட்சை. மூன்றாவது வருடக் கடைசியில் பிராக்டிகல் தேர்வில் உள் தேர்வாளராக உட்காரப்போவது பெரும்பாலும் சொந்தத் துறையின் பேராசிரியர்தான். 'ஸ்ட்ரெஸ் தாங்க மாட்டான்' என்ற முத்திரை விழுந்துவிட்டால் பாஸ் போடுவாரா என்ற பயம். பயம் உண்மையோ கற்பனையோ, விளைவு ஒன்றுதான்.

3. பாண்டு, அதாவது சேரும்போது எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தம். பல மாநிலங்களில் நடுவில் சீட்டை விட்டு விலகினால் லட்சக்கணக்கில் கட்ட வேண்டும். இந்த முறையைக் கைவிடச் சொல்லி 2024 ஜனவரியில் தேசிய மருத்துவ ஆணையமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. கதவு பூட்டியிருக்கிறது என்று தெரிந்த அறையில் மூச்சு முட்டுவது இன்னும் அதிகமாகத்தான் இருக்கும்.

4. தானே டாக்டர். இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியதும்கூட.

செமினாருக்கு முன் கை நடுங்காமலிருக்க ஒரு ப்ரோப்ரனலால். தூங்குவதற்கு ஒரு குளோனசெபாம். மெடிக்கல் ரெப் கொடுத்த சாம்பிளிலிருந்து எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து பத்து நாள், 'ஒண்ணும் தெரியல' என்று நிறுத்தல். இதில் மூன்று தப்புகள் ஒளிந்திருக்கின்றன. எஸ்சிடலோபிராம் வகை மருந்துகள் வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும், முதல் பத்து நாளில் குமட்டலும் படபடப்பும்தான் தெரியும், அதாவது கெட்டதை அனுபவித்துவிட்டு நல்லது வருமுன் நிறுத்திவிடுகிறார். குளோனசெபாம் அரை மணியில் வேலை செய்யும், அதனாலேயே பிடித்துப்போகும், சில வாரத்தில் அது இல்லாமல் தூக்கம் வராது என்றாகிவிடும். மூன்றாவது, சிலருக்கு முதலில் மனச்சோர்வாக வெளிப்படுவது உண்மையில் இருதுருவ நோய், அதாவது மனம் ஒரு காலம் தாழ்ந்தும் ஒரு காலம் அளவுமீறி எழும்பியும் போகும் நோய். அது தொடங்கும் வயதும் பெரும்பாலும் பிஜிக்களின் வயதுதான். அப்படிப்பட்டவர் மனச்சோர்வு மருந்தை மட்டும் தனியாக எடுத்தால் எதிர்த் துருவத்துக்குத் தூக்கி எறியப்படலாம். தன் முகத்தைத் தானே பார்த்து இதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணராலும் முடியாது.

சட்டம் எதுவரை காப்பாற்றும்?

பயப்படுகிற அளவுக்கு நிலைமை மோசமில்லை, நம்புகிற அளவுக்கு நன்றாகவும் இல்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அதன் 23-ஆம் பிரிவு ரகசியத்தை உரிமையாக்குகிறது, சிகிச்சை அளிப்பவர் சட்டம் சொல்லும் சில விதிவிலக்குகள் தவிர யாரிடமும், எச்ஓடியிடம்கூட, சொல்ல முடியாது. மனநோய் இருக்கிறது என்று முடிவானதாலேயே ஒருவர் சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகிவிட மாட்டார் என்று 3-ஆம் பிரிவு தெளிவாக்குகிறது. உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்பது 21(4). காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 அக்டோபர் 31-க்குள் இதை எல்லா நிறுவனங்களும் அமல்படுத்தச் சொன்னது. பாலிசிகள் பெரும்பாலும் அட்மிட் ஆனால்தான் பணம் தரும் என்பதால், ஓபி ஆலோசனைக்கும் மாத்திரைக்கும் கைக்காசுதான்.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், வழக்குப் போட்டுத் தண்டிக்கக் கூடாது என்கிறது 115-ஆம் பிரிவு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் பழைய 309-ஆம் பிரிவும் 2024 ஜூலை 1 முதல் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் இடம்பெறவில்லை, அரசு ஊழியரைக் கட்டாயப்படுத்தத் தற்கொலைக்கு முயல்வதை மட்டும் தனியாகக் குற்றமாக வைத்திருக்கிறார்கள்.

வேலைப் பக்கம் பார்த்தால் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இருக்கிறது, மனநோயும் அதன் பட்டியலில் வரும். பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அரசு அவரை நீக்கவோ பதவி இறக்கவோ முடியாது. 2021 டிசம்பரில் மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில், மனநோயுள்ளவர் மேல் அந்த நோயோடு தொடர்புள்ள நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பதே பாகுபாடாகும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நேரடியாக மேற்படிப்புக்கு வந்த பிஜி வாங்குவது ஸ்டைபெண்ட் (சம்பளம் அல்ல, உதவித்தொகை), ஊழியருக்குச் சொன்னது மாணவருக்கு எதுவரை பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் நிர்வாகம்தான் தன் வசதிக்கேற்பச் சொல்கிறது. வேலை வாங்கும்போது ஊழியர், உரிமை கேட்டால் மாணவர்.

ரோஸ்டருக்குள் சிகிச்சையை எப்படி நுழைப்பது?

இரண்டும் ஒத்துப்போகாது என்பது பொய். கொஞ்சம் திட்டம் வேண்டும், அவ்வளவுதான்.

1. சொந்த ஆஸ்பத்திரி வேண்டாம். பக்கத்து ஊர், அல்லது தனியார் மனநல மருத்துவர், அல்லது தொலைபேசி. மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் 2022 அக்டோபரில் தொடங்கியது, எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம், தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இது இயங்குகிறது. சென்னையில் 1986-இலிருந்து இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் எண் 044-24640050. முதல் பேச்சுக்கு இவை போதும்.

2. முதலில் ரத்தப் பரிசோதனை. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12. சைவச் சாப்பாட்டிலோ பிஸ்கட்டிலோ ஓடும் ஹாஸ்டல்வாசிகளுக்கு இதில் ஏதாவது குறைந்திருக்க வாய்ப்புண்டு, அது மனச்சோர்வு மாதிரியே காட்டும்.

3. மருந்து தொடங்கும் தேதி. முதல் இரண்டு வாரப் பக்கவிளைவுகள் அட்மிஷன் நாளோடு மோதாமல், லேசான போஸ்டிங்கில் தொடங்கும்படி மருத்துவரிடம் கேட்கலாம். நைட் டியூட்டி விவரத்தையும் சொல்லிவிட்டால் தூக்கம் தரும் மருந்தை அதற்கேற்ப மாற்றுவார். டியூட்டி நாளில் மாத்திரையை மறந்தால் சிலருக்குத் தலைக்குள் லேசாக ஷாக் அடிப்பது போலவும் தலைசுற்றலாகவும் இருக்கும், அதனால் வெள்ளைக் கோட்டுப் பையிலும் ஒரு அட்டை இருக்கட்டும்.

4. எத்தனை நாள்? நன்றாகிவிட்டது என்று தோன்றிய நாளிலிருந்து இன்னும் ஆறு முதல் ஒன்பது மாதம். நன்றாகிவிட்டதே என்று அன்றைக்கே நிறுத்துவதுதான் திரும்ப வருவதற்கான குறுக்குவழி.

5. பேச்சு சிகிச்சை. வாரம் ஒரு மணி நேரம், பன்னிரண்டு பதினாறு வாரம். பிஜிக்கு இதுதான் கஷ்டம். வீடியோ அழைப்பில் நடத்தும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள், போஸ்ட் டியூட்டி நாள் சாயங்காலத்தை மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது, அரைத் தூக்கத்தில் ஒன்றும் ஏறாது. சிகிச்சையின் ஒரு பகுதி மிக எளிமையானது: மனம் வந்த பிறகு செய்வதற்குப் பதில், செய்த பிறகு மனம் வரட்டும் என்று சின்ன வேலைகளைக் கால அட்டவணையில் போடுவது. பிஜிக்கு ரோஸ்டர் பழக்கம், இதுவும் இன்னொரு ரோஸ்டர்.

இவ்வளவையும் பிஜியே செய்ய வேண்டும் என்றால் அது அநியாயம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்மிஷன் நாளுக்கு மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்புவது, ரவுண்ட்ஸில் நோயாளி முன்னால் திட்டாமல் இருப்பது, ரத்தம் எடுக்கத் தனியாக ஆள் போடுவது, இந்த மூன்றுக்கும் மனநல நிபுணர் தேவையில்லை. தமிழ்நாட்டு அரசு 2022 டிசம்பரில் மருத்துவக் கல்லூரிகளில் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தொடங்கியது, வரவேற்க வேண்டியதுதான். ஆனால் எந்த மன்றமும் யூனிட்டின் டியூட்டி லிஸ்டில் கை வைக்காதவரை, வாளியில் ஓட்டையை விட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றும் கதையாகத்தான் இருக்கும்.

லீவு எடுத்தால் என்ன ஆகும்?

கடைசியில் எல்லோரும் கேட்பது இதுதான், பலரை உண்மையில் தடுத்து நிறுத்துவதும் இதுதான்.

2023 விதிகளின்படி பிஜிக்கு வருடம் 20 நாள் தற்செயல் விடுப்பு, 5 நாள் கல்வி விடுப்பு, வேலை அவசரத்துக்கு உட்பட்டு வாரம் ஒருநாள் ஓய்வு. குறைந்தது 80 சதவீத வருகை வேண்டும். அனுமதித்ததைத் தாண்டி விடுப்பு எடுத்தால் அத்தனை நாள் படிப்பு நீளும். சீட்டு போகாது, நாள்தான் நீளும். மருத்துவச் சான்றிதழில் நோயின் விவரம் முழுக்க எழுதச் சொல்லித் துறை கேட்டால், எவ்வளவு எழுதுவது என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவரோடு பேசி முடிவு செய்துகொள்ளலாம், 'சிகிச்சையில் இருக்கிறார், இத்தனை நாள் ஓய்வு தேவை' என்பதே பல இடங்களில் போதுமானதாக இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால், அனுமதித்ததைத் தாண்டி இரண்டு மாதம் விடுப்பு எடுத்தவருக்கு இரண்டு மாதம் படிப்பு நீளும், அதனால் தன் பேட்ச்சோடு தேர்வு எழுத முடியாமல் அடுத்த தேர்வுக்குத் தள்ளிப்போகலாம், பெரும்பாலும் ஆறு மாதம். முப்பது வருடம் டாக்டராக இருக்கப்போகிறவருக்கு ஆறு மாதம். மதிய உணவு இடைவேளையில் டியூட்டி அறையில் யாராவது ஒரு சீனியர், கதவைச் சாத்திக்கொண்டு, "நானும் ஒரு தடவை ஆறு மாசம் லேட்டாத்தான்டா எழுதினேன்" என்று சொன்னால் அந்த ஜூனியர் நாளைக்கே போன் எடுப்பான். அப்படித் தள்ளி எழுதியவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள், வெளியே சொல்லிக்கொள்வதில்லை.